அம்பாளின் உறுதி யார் கையில்?

ஒரு பரப்புக் காணியாயினும் உறுதி பாராமல் வாங்கத் துணியாதவர் யாழ்ப்பாணத்தவர். ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்பின் பிரதி முதலாக, நேற்று நொத்தாரிசு முன்னிலையில் முடித்த உறுதி ஈறாக, அத்தனையையும் அடுக்கிக் கட்டிப் பெட்டகத்தின் அடியிற் பத்திரப்படுத்தி வைப்போம். வேலி ஓர் அடி நகர்ந்தால் மல்லாகம் நீதிமன்றில் வழக்கு. அவ்வழக்கும் காணியோடு சேர்ந்து முதுசமாகப் பிள்ளைகளுக்கு இறங்கும். இத்துணை விழிப்புடைய நாம், எமது கோயில்களில் எழுந்தருளியிருக்கும் அம்பாளின் செப்புத் திருமேனிக்கு என்ன ஆவணம் வைத்திருக்கிறோம்?

இவ்வினாவைப் பொழுதுபோக்குக்காக எழுப்பவில்லை. வலிகாமத்துக் கோயில் ஒன்று, பெயர் வேண்டாம். 1990 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் ஊர் முழுவதும் எழுந்து போயிற்று. ஆண்டுகள் பல கழிந்து காணி விடுவிக்கப்பட்டபோது கருவறை இருந்தது. எழுந்தருளி அம்பாளைக் காணவில்லை. முறைப்பாடு எழுதுவிக்கத் தர்மகர்த்தாக்கள் மூவர் எம்மிடம் வந்தனர். அம்பாளின் உயரம் என்ன என்று கேட்டோம். ஒருவர் இரண்டடி என்றார். மற்றவர் ஒன்றரை முழம் என்றார். மூன்றாமவர் தமது நெஞ்சளவு கையை உயர்த்திக் காட்டினார். வலக்கையில் இருந்தது தாமரையா, நீலோற்பலமா என்றோம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். கொண்டுவந்த நிழற்படங்கள் ஐந்து. ஐந்திலும் பட்டும் பூமாலையும் சாத்துப்படியும் நிறைந்திருந்தன. அவற்றின் நடுவே வெள்ளி முகக்கவசம் ஒன்று மின்னிற்று. அப்படங்களை வைத்துக்கொண்டு உலகின் எந்த நீதிமன்றில் நின்று, “இவளே எங்கள் தாய்” என்று அடையாளங் காட்டுவது? ஐம்பது ஆண்டு நாள்தோறும் தொழுதவருக்கு அவள் திருமேனி தெரியாது. அது பக்தியின் குறையன்று. ஆனால் வழக்கிலே அது பெருங்குறை.

எனவே அத்திருமேனியைப் பற்றிச் சிறிது பேசுவோம். அம்பாளின் உறுதி அவள் மேனியிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது எமது துணிபு. அதனை வாசிக்கக் கற்றுக்கொள்ளாதது எமது தவறு. வாசித்தும் மறைப்பது நூதனசாலைக்காரரின் தவறு. வாசிக்கவே இடந்தராதது எமது நாட்டுச் சட்டத்தின் தவறு.

சோழர் காலத்து உமாதேவியின் செப்புத் திருமேனியை எடுத்துக்கொள்வோம். தலையிற் கரண்ட மகுடம். உடல் மூன்றிடத்தில் வளைந்து நிற்கும் திரிபங்க நிலை. இடக்கை பக்கத்தே தளர்ந்து தொங்கும். வலக்கை மடங்கி, விரல்கள் குவிந்து, நடுவே ஓர் இடைவெளி விட்டிருக்கும். இதனைக் கடக முத்திரை என்பர். அந்த இடைவெளி எதற்கு? சிற்பி பூவைச் செப்பில் வார்க்க மறந்துவிட்டானா? அல்லன். அன்றலர்ந்த பூவொன்றை அன்றன்று ஒருவர் கொண்டுவந்து செருகவேண்டும் என்பதற்காகவே அவ்விடத்தை வெறுமையாக விட்டான். ஆயிரம் ஆண்டுக்கு முன் வார்த்த அந்த வெற்றிடம், “எனக்குப் பூசை உண்டு, பூக்கொணரும் ஓர் ஊர் உண்டு” என்று சாட்சி சொல்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளே அந்த விரல்கள் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும்.

பீடத்தைப் பாருங்கள். தாமரைப் பீடம்; அதன்கீழே சதுரப் பீடம்; சதுரப் பீடத்தின் மருங்கிலே துளைகள் அல்லது வளையங்கள். தண்டு செருகித் தோளிலே சுமப்பதற்கும் வாகனத்திலே கயிறிட்டுப் பிணைப்பதற்கும் ஆனவை அவை. திருவாசி பொருத்துதற்கும் பீடத்திலே இடம் உண்டு. கருவறையிலே கல்லாய் அமர்ந்த மூலவர் அசையார். வீதிக்கு வந்து, நோயாளியும் முதியவரும் கோயிலுக்குள் வரமுடியாதவரும் காணும்படி உலாப்போவதற்கென்றே செப்பிலே வார்க்கப்பட்டவர் எழுந்தருளி. அந்தப் பெயரே அவ்வினையைச் சொல்கிறது. துளையுள்ள பீடத்தோடு கூடிய ஒரு விக்கிரகத்தை “அலங்காரச் சிலை” என்று ஏலப் பட்டியலில் எழுதுகிறவன், தேரைப் பார்த்து “மரத்தளவாடம்” என்று எழுதுகிறவனுக்கு ஒப்பானவன்.

இவ்வுருவங்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. மெழுகினாலே முழு உருவையும் சமைத்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி ஓடவிட்டு, அவ்விடத்திலே உலோகத்தை ஊற்றுவர். பின்னர் மண் அச்சை உடைத்தே உருவை எடுக்கவேண்டும். உடைத்த அச்சுக்கு மறுபிறப்பு இல்லை. ஆதலால் ஒவ்வொரு திருமேனியும் தனியொன்று. பஞ்சலோகம் என்று சொல்வோமாயினும் பெரும்பங்கு செம்பே. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னோலை நறுக்கை மடித்து அளவு குறித்து வேலைசெய்யும் முறையை இற்றைக்கும் கைவிட்டாரில்லர். அளவு நூலிலே உண்டு, தியானம் சுலோகத்திலே உண்டு. ஆயினும் ஒரு கையின் வார்ப்பு மற்றொரு கைக்கு வாராது. வார்ப்பிலே விழுந்த குழியை அடைத்த இடம், முதுகிலே உளி சறுக்கிய கோடு, பல தலைமுறை அபிடேகத்தால் மூக்கு நுனி தேய்ந்த தேய்வு ஆகிய இவைதாம் அவளின் அங்க அடையாளங்கள். இரட்டைப் பிள்ளைகளைத் தாய் மச்சத்தால் அறிவது போல, இரண்டு உமாதேவியரை இவற்றால் அறியலாம்.

தேவியர் பலர், அவர்தம் இலக்கணமும் பல. திருமாலின் இரு மருங்கும் நிற்கும் தேவியருள் மார்புக்கச்சு அணிந்தவள் திருமகள், அணியாதவள் நிலமகள். கூத்தப்பிரானின் அருகே நின்றால் அவள் சிவகாமி. அப்பனும் மகனும் உடனிருக்கக் காலொன்றை மடித்து அமர்ந்தால் சோமாஸ்கந்தத்து உமை. எருமைத் தலைமேல் சங்கு சக்கரம் ஏந்தி நின்றால் கொற்றவை. தேவியல்லாத ஒரு பெண்ணுருவும் இவ்வரிசையிலே உண்டு. எலும்பும் தோலுமாய், வற்றிய மார்போடு, கையிலே தாளம் ஏந்திய காரைக்காலம்மையார். அழகை வேண்டாமென்று இரந்து பேய்வடிவு பெற்ற அம்மையையும் அதே அன்போடு வார்த்த கைகள் அவை. இதனைப் பார்த்த பின்னரும் எமது சிற்பிகள் பெண்ணுடலின் கவர்ச்சியைத்தான் செப்பில் வடித்தார்கள் என்று எழுதும் மேனாட்டு விமரிசகர்க்கு நாம் என்ன விடை சொல்வது? அவர்கள் கண்டது பட்டு நீக்கிய மேனியை. ஊரவர் கண்டது பட்டுக்கு மேலே தெரிந்த முகத்தையும் கையையும். அபிடேக வேளையிற் சிவாச்சாரியார் ஒருவரே முழுமேனியையும் காண்பார். பிறர் காணாத முதுகையும் அத்துணை நுட்பமாகச் செதுக்கியவன், பார்வையாளருக்காகச் செதுக்கவில்லை என்பது தெளிவு.

இவ்வளவையும் ஆவணமாக்கவேண்டும் என்பது புதுமைக் கருத்தா? 1010 ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டி முடித்த இராசராச சோழனின் அலுவலர் செய்ததை நோக்குவோம். அரசனும் அரசியரும் அதிகாரிகளும் கொடுத்த செப்புத் திருமேனி ஒவ்வொன்றுக்கும், அடி முதல் முடி வரை எத்தனை விரல் உயரம், கைகள் எத்தனை, பீடம் எவ்வடிவு, சாத்திய நகைகள் யாவை, முத்து எத்தனை, அம்முத்துக்களுள் பழுதுடையவை எவை என்றெல்லாம் கல்லிலே வெட்டிவைத்தனர். அரசனின் தமக்கை குந்தவையார் தஞ்சை விடங்கருக்கும் தட்சிணமேரு விடங்கருக்கும் துணையாக உமாபரமேசுவரியாரை எழுந்தருளுவித்த செய்தியும் நகைக்கணக்கோடு அங்கே உள்ளது. தம்பி கட்டிய கோயிலிலே அம்பாளைத் தந்தவள் தமக்கை. கணக்கிலே கண்டிப்பானவள் என்பதும் கல்வெட்டால் தெரிகிறது.

அத்திருமேனிகளுட் பெரும்பாலன இன்று இல்லை. ஆனால் கல்லிலே வெட்டிய அளவு வீண்போகவில்லை. இராசராசனதும் அவன் தேவி உலகமாதேவியதும் எனக் கொள்ளப்பட்ட இரு திருவுருவங்கள் 2018 ஆம் ஆண்டில் ஆமதாபாத்திலுள்ள தனியார் நூதனசாலை ஒன்றிலிருந்து தஞ்சைக்கு மீட்டுவரப்பட்டன. அவற்றை அடையாளங் காட்டுதற்கு எடுத்தாளப்பட்ட ஆதாரங்களுள் கல்வெட்டு அளவும் ஒன்று. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எழுத்தன் ஒருவன் விரலால் அளந்து எழுதியது இந்நூற்றாண்டின் வழக்கிலே சாட்சியாக வந்து நின்றது. எழுதாத இடத்தின் கதை வேறு. திருவெண்காட்டிலே 1011 இல் இடபவாகனப் பெருமானும், அடுத்த ஆண்டில் அவர் தேவியும் எழுந்தருளுவிக்கப்பட்டனர். இருவரும் பின்னாளில் மண்ணிலிருந்து மீண்டு இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கின்றனர். பெருமான் சாய்ந்திருந்த இடபம் இல்லை. சாய்ந்த கை மட்டும் வெளியிலே சாய்ந்திருக்கிறது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இந்நாட்டு மண்ணிலிருந்து வெளிப்பட்ட தேவியர் மூவரின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சட்டத்தின் கோணல் தானே தெரியும்.

முதலாமவள் பொலன்னறுவையாள். சோழர் 993 அளவில் வந்து, 1070 வரை அந்நகரைச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆண்டனர். இராசராசனின் தேவியின் பெயரால் அமைந்த வானவன்மாதேவி ஈசுவரம் இன்றும் அங்கே கல்லாய் நிற்கிறது. தொல்பொருட் பகுதியார் அதற்கு “இரண்டாம் சிவ தேவாலயம்” என இலக்கமிட்டனர். முதலாம் இலக்கம் பெற்ற தேவாலயத்தை 1907, 1908 ஆம் ஆண்டுகளில் எச். சி. பி. பெல் அகழ்ந்தபோது நடராசரும் தேவியும் நாயன்மாரும் கூட்டமாக வெளிவந்தனர். அவர்கள் கொழும்பு நூதனசாலைக்குச் சென்றனர். ஆனந்த குமாரசுவாமி 1914 இல் வெளியிட்ட நூலும், சேர் பொன்னம்பலம் அருணாசலம் எழுதிய ஆராய்ச்சியும் அவர்களை உலகறியச் செய்தன. இங்கே வார்த்தவையா, தென்னாட்டிலிருந்து கப்பலில் வந்தவையா என்று அறிஞர் இன்னும் வழக்காடுகின்றனர். வழக்காடட்டும். பூசை எங்கே நடந்தது என்பதில் ஐயமில்லை.

இரண்டாமவள் கிழக்குக் கரையாள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கண்டெடுக்கப்பட்டவள். பொன்முலாம் பூசிய செப்புத் திருமேனி. உயரம் 143 சதமமீற்றர். காலம் எட்டாம் நூற்றாண்டு. கண்டியைப் பிடித்த ஆள்பதி சேர் உரொபேட் பிரவுண்றிக் அவளை இலண்டனுக்குக் கொண்டுசென்று 1830 இல் பிரித்தானிய நூதனசாலைக்கு ஈந்தார். எவர் பொருளை எவர் ஈந்தார் என்பது சட்டம் படித்தோர் கேட்கவேண்டிய முதல் வினா. முன்னர் பலர் அவளைப் பத்தினித் தெய்வம் என்றே கருதினர். மகாயான பௌத்தரின் தாரை என்பதே இன்று ஏற்கப்படும் முடிவு. அவள் இந்துத் தெய்வம் அல்லளே, அவளுக்காக நீங்கள் ஏன் பேசுகிறீர்கள் என்பார் உளர். கொடைக்கையாய்த் தாழ்ந்த வலக்கையும், மலர் பிடித்த பாவனையில் மடிந்த இடக்கையும் எமது தேவியர் பேசும் அதே மொழியைத்தான் பேசுகின்றன. அன்றியும், பத்தினி என்று பிழைபடக் கூறியதிலும் ஓர் உண்மை உண்டு. தமிழர் கண்ணகி என்றும் சிங்களவர் பத்தினி என்றும் ஒரே தெய்வத்தைத் தொழும் நாடு இது. வற்றாப்பளையிற் பொங்கல் நடப்பது கண்ணகிக்கே. யாழ்ப்பாணத்திலே மட்டும் கண்ணகி கோயில்கள் பல, நாவலர் பெருமான் காலத்திலும் அதன் பின்னும், இராசராசேசுவரி என்றும் புவனேசுவரி என்றும் பெயர் மாறின. அதன் நன்மை தீமையை வேறோரிதழிற் பேசலாம். இலண்டனிலே இத்தேவிக்கு நேர்ந்தது யாதெனில், மேனி மிகவும் கவர்ச்சியானது என்று கருதிச் சில பத்தாண்டுகள் பொதுமக்கள் காணாதபடி உள்ளறையில் வைத்தனர். பட்டு உடுத்திப் பார்க்கத் தெரியாதவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள்!

மூன்றாமவள் திருக்கோணமலையாள். 1622 இல் போத்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது அடியார் திருமேனிகளை மண்ணிற் புதைத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. 1950 ஆம் ஆண்டில் நகரசபையார் கோயிலடிக்கு ஐந்நூறு யார் தொலைவில் கிணறு வெட்டுவித்தபோது மண்வெட்டிக்கு அகப்பட்டவர்கள் யாவர்? சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, மாதுமையம்பாள்! பின்னர்ப் பிள்ளையாரும் கிடைத்தார். முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் மண்ணிற் கிடந்து மீண்டவர்களை ஊரூராக உலாக் கொண்டு சென்றனர். மக்கள் வீதியோரம் நின்று அழுது தொழுதனர். கோயில் மீளக் கட்டப்பட்டு 1963 மார்ச்சு 3 ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது. அவர்கள் மீண்டும் பூசையேற்றனர்.

இம்மூன்றாவது கதையை நாம் மகிழ்ச்சியோடு சொல்கிறோம். ஆனால் சட்டப் புத்தகத்தை விரித்துப் பார்த்தால் மகிழ்ச்சி குறைகிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் சொல்வது யாது? காணியிற் கிடைத்தது என்ற காரணத்தால் மட்டும் தொல்பொருள் காணிக்காரனுக்கு உரித்தாகாது. மண்ணுள் மறைந்து கிடக்கும் தொல்பொருள் முடிக்கே, அதாவது இன்று அரசுக்கே, முற்றுரிமை. பொற்காசுக்கும் உடைந்த பானைக்கும் இவ்விதி பொருந்தும், நாமும் ஏற்போம். நாளை எமது பண்டத்தரிப்பிலே தோட்டக் கிணறு ஆழமாக்கும் ஒருவரின் அலவாங்கிலே ஓர் அம்பாள் தட்டுப்பட்டால்? நடக்காததன்று. 1619 இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்து, 1621 இல் நல்லூர்க் கோயில் தரைமட்டமானபோது, இக்குடாநாடெங்கும் விக்கிரகங்களைக் கிணற்றிலும் கேணியிலும் இட்டு மறைத்தனர் என்பது ஊர்தோறும் முதியோர் சொல்லும் கதை. அக்காலத்துக் கோயில்கள் இருந்த ஊர்களிலே தேவாலயங்கள் எழுந்தன. ஒல்லாந்தப் போதகர் பால்தேயு 1672 இல் அச்சிட்ட நூலிலே பண்டத்தரிப்புத் தேவாலயமும் இடம்பெற்றுள்ளது. மண்ணுக்குள்ளே எவர் துயில்கின்றனரோ, மண்ணே அறியும். அவர் வெளிப்படும் அன்று சட்டத்தின் எழுத்துப்படி அவர் பானையோட்டுக்குச் சமம். திருகோணமலை அம்பாள் கோயிலுக்குப் போனது சட்டத்தின் எழுத்தாலன்று. மக்களின் உணர்ச்சி வேகத்தாலும் அக்கால அதிகாரிகளின் நல்லெண்ணத்தாலுமே ஆகும். நல்லெண்ணத்தை நம்பி ஒரு காணிகூட வாங்காத நாம், தெய்வத்தை மட்டும் அதனிடம் ஒப்படைப்பது எவ்வாறு?

அந்நல்லெண்ணம் என்றும் ஒரு தன்மையாய் இருப்பதில்லை. கிழக்கு மாகாணத்துத் தொல்பொருள் மரபுரிமைக்கென 2020 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நியமிக்கப்பட்ட சனாதிபதி செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளர் தலைவராயிருந்தார். அது அமைந்தபோது அதில் ஒரு தமிழர் இல்லை, ஒரு முஸ்லிம் இல்லை. மாதுமையம்பாள் வெளிப்பட்ட அதே மாகாணத்துக்கு!

விக்கிரகம் வெறும் பொருளன்று என்று சொன்னால் நவீன சட்டம் நகைக்கும் என்று அஞ்சவேண்டியதில்லை. கல்கத்தா மல்லிக் குடும்பத்தாரின் தெய்வம் பற்றிய வழக்கிலே 1925 இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. குடும்ப விக்கிரகம் இங்குமங்கும் தூக்கிச்செல்லும் அசையும் ஆதனம் அன்று. அது எங்கே எழுந்தருளுவது என்பதில் அதன் விருப்பமும் கருதப்படவேண்டும். அதன் சார்பிற் பேசப் பற்றற்ற ஒருவர் நியமிக்கப்படவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இதைச் சொன்னவர் சிவாச்சாரியார் அல்லர். இலண்டன் மாநகரத்து நீதியரசர். அதே கழகந்தான் 1971 வரை எமது நாட்டுக்கும் இறுதி மன்றாக இருந்தது. ஆயினும் அக்கோட்பாடு பாக்கு நீரிணையைக் கடந்து இங்கு வேரூன்றவில்லை. பௌத்த விகாரைகளுக்கு 1931 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. எமது கோயில்களோ 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக்கள் கட்டளைச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கியுள்ளன. வழக்காடுபவர் தர்மகர்த்தா. அவர் இரு கட்சியாகப் பிரிந்து நின்றால் அம்பாளுக்காகப் பேச ஆளில்லை. அவர் பிரிந்து நில்லாத கோயில் எமது பகுதியில் எத்தனை என்பதை வாசகரே கணக்கிடலாம்.

பத்தூர் நடராசர் வழக்கு இன்னும் தெளிவானது. தஞ்சைப் பகுதியிலே பத்தூர் என்னும் சிற்றூரில், பூசையொழிந்து பாழடைந்த கோயிலடியில் 1976 இற் கிடைத்த நடராசர், கைமாறிக் கைமாறி இலண்டன் சேர்ந்தார். 1982 இல் அவரை வாங்கியது கனடா நாட்டுக் கும்பனி ஒன்று. பொலிசார் கைப்பற்றினர், கும்பனி வழக்கிட்டது. பாழடைந்த அக்கோயில் ஆங்கில நீதிமன்றிலே கட்சிக்காரராய் நின்று வழக்காடலாமா என்பதே வினா. ஆம் என்று 1988 இல் ஒரு மன்றும், 1991 இல் மேன்முறையீட்டு மன்றும் தீர்த்தன. நடராசர் வீடு திரும்பினார். கூரையில்லாத கோயிலுக்கு இலண்டனிலே கிடைத்த தகுதி, கொடியேற்றம் தவறாத எமது கோயில்களுக்குக் கொழும்பிலே கிடையாதா? எனினும் இவ்வழக்கின் மற்றொரு பாடத்தை நாம் மறத்தலாகாது. இது அந்த நடராசரே என்று காட்டுதற்கு அவருடன் கிடைத்த திருமேனிகளோடு ஒப்பிட்டு, வார்ப்பையும் ஒட்டியிருந்த மண்ணையும் ஆராய்ந்து, நிபுணர் நாட்கணக்காகச் சாட்சி சொல்லவேண்டியிருந்தது. சட்டத் தகுதி கதவைத் திறக்கும். உள்ளே போய் வெல்வதற்கு அடையாளம் வேண்டும்.

அடையாளம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் உமாபரமேசுவரி சான்று. பூசை அருகி, கதவு பூட்டிக் கிடந்த கோயில். திருடர் நடராசரையும் அம்பாளையும் கொண்டுபோனது வெளிப்படவே காலம் சென்றது. அம்பாளைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக நூதனசாலை 2007 இல் 650,000 அமெரிக்க டொலருக்கு வாங்கிற்று. நடராசரை அவுஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது இலட்சம் டொலர் அளவிற்கு வாங்கிற்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன்பே கோயில் கோயிலாகச் சென்று எடுத்துவைத்த நிழற்படங்கள் இருந்தன. படத்தையும் பொருளையும் ஒப்பிட்டபோது வாய்ப்பேச்சுக்கு இடமில்லாது போயிற்று. நடராசர் 2014 இலும் அம்பாள் 2015 இலும் இந்தியா திரும்பினர். படமெடுத்தவர் எவரும் ஒருநாள் இது வழக்குக்கு உதவும் என்று எண்ணி எடுக்கவில்லை. கலை வரலாற்றுக்கென எடுத்தனர். காலம் அதனைச் சாட்சியாக்கிற்று. எமது வலிகாமத்துக் கோயில்களை அவ்வாறு எவர் எடுத்தார்?

நூதனசாலை அனைத்தையும் வெறுமையாக்கவேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. பொலன்னறுவைத் தேவியர் கொழும்பில் இருப்பது இன்றைய நிலையில் தகும். ஏற்கும் கோயிலும் பூசகரும் அந்நகரில் இல்லை. இருந்தாலும் காவல் இல்லை. அவர்களை நாட்டு மக்கள் அனைவரும் காண்பது நன்று. பூப்பிடித்த விரல் எதற்கு, பீடத்துத் துளை எதற்கு என்று மும்மொழியிலும் எழுதிவைத்தாற் போதும். வழிபாட்டு மரபு அறாத இடத்தில் மட்டுமே சட்டம் வேறு வழி செல்லவேண்டும். மண்ணிலிருந்து வெளிப்படும் வழிபாட்டுத் திருமேனியை அவ்வூர்க் கோயிலுக்குரிய நம்பிக்கைப் பொறுப்பாகவே தொல்பொருட் பணிப்பாளர் நாயகம் வைத்திருக்கலாம். ஏற்கத் தக்க கோயில் உண்டெனில் காவல் நிபந்தனைகளோடு கையளித்தல் வேண்டும். கட்டளைச் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவைச் சேர்ப்பது எமது பாராளுமன்ற உறுப்பினர்க்கு மலையைக் கெல்லும் வேலையன்று. விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் அப்பிரிவு ஒருசேரப் பயன்படும்படி எழுதலாம். எழுதினால் எதிர்ப்பவர் முகமும் வெளிப்படும்.

பாராளுமன்றம் செய்யும் வரை நாம் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு கோயிலும் தன் எழுந்தருளிகளுக்குப் பதிவேடு ஒன்று எழுதல் வேண்டும். இதனைச் சொன்னபோது இரு தடைகள் எம் காதில் விழுந்தன. தெய்வத்தைப் படமெடுத்தல் ஆகாது என்பது ஒன்று. கருவறை மூலவரைப் படமெடுக்க நாமும் சொல்லோம். திருவிழாவிலே வீதிக்கு வரும் அம்பாளை இருநூறு கைத்தொலைபேசிகள் படமெடுக்கின்றனவே, அதனை எவர் தடுத்தார்? பட்டோடு எடுத்தால் ஆகும், காவலுக்காக எடுத்தால் ஆகாதா? மற்றத் தடை கனமானது. பட்டியல் எழுதினால் அரசு வந்து எடுத்துக்கொள்ளும் என்கின்றனர். நாம் மேலே சொன்ன செயலணியை நினைத்தால் இவ்வச்சத்தை நகைத்துத் தள்ளமுடியாது. எனவே பட்டியலை அரசுக்கு அனுப்பவேண்டா. ஒரு பிரதி கோயிலிலே, ஒன்று ஊரவர் நம்பும் நொத்தாரிசு ஒருவரிடம், ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலே முத்திரையிட்ட உறையில். தர்மகர்த்தாவும் பூசகரும் சேர்ந்து சத்தியக் கடதாசி முடித்து அதனுடன் இணைத்தல் நன்று. இரு கட்சி உள்ள கோயிலாயின் இரு கட்சியாரும் கையெழுத்திடட்டும், அம்பாள் ஒருத்திதானே.

ஆடிப்பூரத்துக்கும் நவராத்திரிக்கும் முன்னே திருமேனிகள் துலக்கப்படும் நாள் ஒன்று எல்லாக் கோயிலிலும் உண்டு. பட்டும் மாலையும் இல்லாத நாள் அது. சிவாச்சாரியாரே அளவு நாடாவைப் பிடிக்கட்டும். அடி முதல் முடி வரை உயரம், பீடத்தின் நீள அகலம், நிறை ஆகியவற்றை எழுதவேண்டும். முன்னும் பின்னும் இரு பக்கமும் படமெடுக்கவேண்டும். வலக்கை விரல்களையும், ஒட்டுப்போட்ட இடங்களையும், தேய்வையும் அணுக்கமாக எடுக்கவேண்டும். எழுத்து ஏதும் பொறித்திருந்தால் மாவு தடவித் தெளிவாக எடுக்கவேண்டும். பின்னர் இருவர் பிடித்து மெல்லச் சாய்த்து, பீடத்தின் அடிப்பக்கத்தையும் மறவாமல் எடுத்துக்கொள்ளவேண்டும். திருடன் அராவி மாற்ற எண்ணாத இடம் அதுவே.